சத்தமில்லாத கார்

2008 நவம்பர் 10, திங்கள். காலை 6.40. மீற்றரில் 48,316 கி.மீ.

மழை. பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் காரில் கந்தோர் வேலைக்கு முதல் ஓட்டம். எண்கள் குறிக்கத்தான் இந்தக் கொப்பி. வேறு ஒன்றுக்கும் இல்லை.

கண்டவை:
– சாவி திருப்பத் தேவையில்லை. பொத்தான். அழுத்தினால் சத்தம் இல்லை, 'ரெடி' என்று ஒரு பச்சை வெளிச்சம் மட்டும்.
– பிரேக்கை மிதித்தால் முதலில் மோட்டார் பிடிக்கிறது. வீணாகப் போகிற சக்தி பற்றரிக்குத் திரும்புகிறது. கடைசிப் பத்து அடியில் வெடுக்கென்று இழுப்பு. பழகவேண்டும்.
– கார் நின்றால் எஞ்சினும் தானாக நிற்கும். பின்னால் வந்த பஸ்காரன் பழுது என்று நினைத்து விடாமல் ஹோர்ன்.
– ஜப்பானில் ஓடிவிட்டு வந்த கார், திரையில் ஜப்பான் வரைபடம்தான். கொழும்பில் காலிக்குப் போகிற பெருவீதியில் ஓடுகிறேன், திரையில் கடலுக்குள் நிற்கிறேன். ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்தியவுடன் ஜப்பான்காரி ஒருத்தி ஏதோ எச்சரிக்கிறாள்.

கந்தோர் ஏழு கி.மீ. வழியில் ஆமி மறிக்கிற செக்பொயின்ற் நான்கு. சாதாரணக் கார் என்றால் அத்தனை வரிசையிலும் பெற்றோல் எரியும். இதில் எரியாது. நின்று நின்று போகிற இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை. இதைக் கந்தோரில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

நவ. 11, செவ்வாய். 48,335.

வானம் மூட்டம். மழை இல்லை.

பம்பலப்பிட்டிச் செக்பொயின்ற். ஆமிக்காரன் எஞ்சினை நிறுத்தச் சொன்னான். நின்றுதான் இருக்கிறது என்றேன். அவன் பொனற்றில் கைவைத்துப் பார்த்துத் தலையாட்டினான். அந்த நேரம் பார்த்து ஏ.சி.க்காக எஞ்சின் தானாக ஸ்டார்ட். மனிதன் இரண்டு அடி பின்னால் பாய்ந்தான். துவக்கு என் முகத்துக்கு நேரே.

பிழை என்னுடையது. 'ரெடி' எரியும்வரை கார் உயிரோடுதான். இனி எல்லாச் செக்பொயின்ற்றிலும் பொத்தானை அழுத்தி முழுதாக அணைப்பது. விதி.

வெள்ளவத்தைச் செக்பொயின்ற்றில் நிற்கிறவன் நல்லவன். விளங்கப்படுத்தினேன், சிரித்தான். 'ஹொல்மன் கார்' என்று பெயர் வைத்துவிட்டான். ஹொல்மன் என்றால் பேய்.

அம்மாவோடு சண்டை. பழைய கார் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அம்மாவுக்கு மூன்றாம் மாடியில் கேட்கும், தேநீருக்குத் தண்ணீர் வைப்பா. போன வருடம் கீழ்மாடிப் பெடியனை ஆரோ வெள்ளை வான் ஒன்றில் கடத்திக்கொண்டு போனதிலிருந்து ஒழுங்கையில் நிற்கிற ஒவ்வொரு வாகனத்தையும் காதால் எண்ணுகிறா. இன்று நான் கதவைத் தட்டியதும் திறக்கவே இல்லை. ஆர் ஆர் என்று உள்ளே இருந்து மூன்று தரம்.

"ஏன்டா களவாய் வந்து நிக்கிறாய்? ஒரு சத்தம் போட்டு வாற கார் வாங்க உனக்கு ஏலாதே?"

தீர்வு: வாசலில் இரண்டு தரம் ஹோர்ன்.

நவ. 13, வியாழன். 48,381. லீற்றருக்கு 16.2.

பின்னேரம் அத்தானைக் கூட்டி வந்தேன். அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்து ஆள், வவுனியாவில் கணித ஆசிரியர். அக்கா ரொறன்ரோவில் மூன்று வருடம் தனிய. இப்போதுதான் அத்தானுக்கு விசா. 22ஆம் திகதி சனி பிளேன். இரண்டு கிழமையாகக் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தார். வீடும் காரும் இருக்க லொட்ஜ் எதற்கு என்று நான்தான் பிடிவாதம். அவருக்கு விருப்பமில்லை. வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் பொலிஸில் பதிய வேண்டும், தன் பதிவு லொட்ஜ் விலாசத்தில் இருக்கிறது, இடம் மாறினால் பதிவும் மாற்ற வேண்டும் என்றார். நாளைக்கு மாற்றலாம் என்றேன்.

பெரிய சூட்கேஸை லொட்ஜ் முதலாளியிடமே விட்டுவிட்டு வந்தார். ஒரு பையும் ஒரு பிளாஸ்ரிக் ஃபைலும் மட்டும். ஃபைலில் எல்லாம் அடுக்கு: பாஸ்போட், ரிக்கற், அடையாள அட்டை, பதிவுத் துண்டு.

சந்தியில் எஞ்சின் நின்றதும் அவர் சொன்னது: "தம்பி, இது கார் இல்லை, நோயாளி. ஒவ்வொரு சந்தியிலயும் மூச்சு நிக்குது."

நாளை: பொலிஸ் பதிவு.

நவ. 14, வெள்ளி.

பதிவுக்குப் போகவில்லை. ஹெந்தளையில் ஹைபிரிட் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பதாகத் தகவல். முஸ்லிம் ஆள், நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். வெள்ளி பின்னேரம் மட்டும்தான் நேரம் தந்தார். அரை நாள் லீவு.

நானா டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி, நாலு கிளிப் கழற்றி, மூடியைத் திறந்தார். பின்சீற்றுக்குப் பின்னால் பெரிய பற்றரி. இருநூறு வோல்ற். கைப்பெருவிரல் தடிப்பில் செம்மஞ்சள் வயர். ஜப்பான் எழுத்தில் எச்சரிக்கை, மின்னல் படம். வங்கிகளுக்கு யூ.பி.எஸ். பூட்டுவதுதான் என் வேலை, ஆனால் இவ்வளவு துப்புரவான வயரிங் பார்த்ததில்லை. கால் மணித்தியாலம் குனிந்தபடி.

நானா மூடியைப் பூட்டிக்கொண்டே: "தம்பி, இதத் தொறந்து ஆருக்கும் காட்டப் போகாதீங்க. தெரியாதவன் கண்ணுக்கு இது வேற சாமான்."

சரி என்றேன்.

இன்னொன்று கேட்டேன். காரை அணைத்த பிறகும் சாரதிக் கதவைத் திறந்தால் மூன்று நான்கு செக்கன் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். பிரேக் பம்ப் தயாராகிறதாம். பழுதில்லை.

வீடு வர ஏழரை. அத்தான் ஃபைலோடு கதிரையில். பொலிஸுக்குப் போகப் போட்ட சேட்டை இன்னும் மாற்றவில்லை.

நவ. 16, ஞாயிறு. 48,452. லீற்றருக்கு 17.8.

நேற்றும் பதிவு நடக்கவில்லை. பின்னேரம் போகலாம் என்று காரைக் கழுவி மெழுகு பூசினேன், பிறகு மழை. அம்மா புறுபுறுத்தா. பொலிஸில் கொடுத்த வீட்டார் பட்டியலில் இல்லாத ஆளை வைத்திருந்தால் எங்களுக்கும் பிரச்சினை என்று. அத்தான் என் பக்கம் கதைத்தார், ஒரு நாள் முந்திப் பிந்தினால் என்ன மாமி என்று.

அக்கா ரெலிபோனில். அங்கே பனி தொடங்கிவிட்டதாம். அத்தானுக்குக் கம்பளிச் சப்பாத்து வாங்கி வைத்திருக்கிறா. காலளவு சரியோ என்று இரண்டு தரம் கேட்டா. அத்தான் அளவுநாடாவால் அளந்து சென்ரிமீற்றரில் சொன்னார்.

நவ. 18, செவ்வாய்.

நாங்கள் பூட்டிய ஒரு வங்கியின் யூ.பி.எஸ். படுத்துவிட்டது. பதிவு இல்லை. காலையில் அத்தான் கேட்டது: "தம்பி, நான் தனிய பஸ்ஸில போய்ப் பதிஞ்சிட்டு வரட்டோ?" வீட்டுப் பொறுப்பாளர் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், பிளாற் என் பெயரில், நான் இல்லாமல் நடக்காது என்றேன். புதன் அரை நாள் லீவு. மத்தியானம் கொட்டாஞ்சேனை போய்ச் சூட்கேஸ், வருகிற வழியில் வெள்ளவத்தைப் பொலிஸ். ஒரே ஓட்டத்தில் இரண்டு அலுவல். பெற்றோலும் மிச்சம்.

நவ. 19, புதன்.

எழுத வேண்டும். ஒழுங்காக.

2.50: லொட்ஜில் சூட்கேஸ் ஏற்றியது. முதலாளி அத்தானைக் கட்டிப்பிடித்து அனுப்பினார்.

3.15: கொட்டாஞ்சேனையிலிருந்து வெளியே வரும் வழியில் புதிதாகப் போட்ட செக்பொயின்ற். தூறல். எங்களைத் தெரியாத ஆட்கள். முழுதாக அணைத்தேன். விதிப்படி. இறங்கினோம். கதவு திறக்கப் பம்ப் முனகியது. சின்ன வயது ஆமிக்காரன் திரும்பி, என்ன சத்தம் என்று கேட்டான். பிரேக் பம்ப் என்றேன். என் சிங்களம் நல்லது. அவன் அடையாள அட்டைகளைப் பார்த்தான். என்னுடையது கொழும்பு, அத்தானுடையது யாழ்ப்பாணம். சூட்கேஸைத் திறந்து துணிகளைக் கிளறினான். மூடினான். அட்டைகளைத் திருப்பித் தந்தான்.

"ஹரி, யன்ன." போகச் சொல்லிவிட்டான்.

போயிருக்க வேண்டும்.

அவன் காரைப் பார்த்து இது பற்றரியில் ஓடுகிறதாமே, பொய்தானே என்று மற்றவனிடம் பகிடி விட்டான். சும்மா பகிடி. பொய்யில்லை என்றேன். அப்படியென்றால் பற்றரி எங்கே என்று சிரித்தான். என்னிடம் வேறு ஒருவன் காரைப் பற்றிக் கேட்டால் எனக்கு வாய் நிற்காது. சூட்கேஸைத் தூக்கி நிலத்தில் வைத்தேன்.

அத்தான் என் கையைப் பிடித்தார். "தம்பி, விடும். போவம்."

ஒரு நிமிசம் அத்தான் என்றேன். கம்பளத்தைத் தூக்கி, நாலு கிளிப், மூடி.

செம்மஞ்சள் வயர். மின்னல் படம். சின்னவன் சிரித்தபடிதான் குனிந்தான். பின்னால் வந்த அதிகாரி சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். எங்களை மதிலோரம் இருத்தினார்கள். வீதியை மூடினார்கள். கடைகளுக்கு ஷட்டர். வெடிகுண்டுப் பிரிவு வந்தது. நான் அம்பியர், வோல்ற், இன்வேர்ட்டர் என்று கத்திக்கொண்டிருந்தேன். எவ்வளவு கூடச் சொன்னேனோ அவ்வளவு கூடப் பார்த்தார்கள். இவ்வளவு தெரிந்தவன் ஆர் என்று.

பிறகு தனித்தனியாக விசாரணை. இவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று என்னிடம் கேட்டார்கள். வெள்ளவத்தை, என் பிளாற் என்றேன். உண்மை. அத்தானிடமும் அதே கேள்வி. கொட்டாஞ்சேனை லொட்ஜ் என்றிருக்கிறார். துண்டிலும் அதுதான். எங்கள் வீட்டில் பதிவில்லாமல் இருந்தது தெரிந்தால் எனக்கும் அம்மாவுக்கும் இடைஞ்சல் என்று, வாழ்நாளில் பொய் சொல்லாத மனிதன் சொன்ன பொய். இரண்டு பதில். கையில் பிளேன் ரிக்கற். நிலத்தில் சூட்கேஸ்.

6.20: காரில் குற்றமில்லை என்று எழுதித் தந்தார்கள். என்னையும் போகச் சொன்னார்கள். அத்தானை 'ஒரு விசயம் பார்க்க' ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது ஃபைலை என்னிடம் நீட்டினார். அதிகாரி இடையில் வாங்கிக்கொண்டார்.

பொத்தானை அழுத்தினேன். ஜப்பான்காரி அதே வசனம்.

வாசலில் ஹோர்ன் அடிக்க மறந்துபோனேன். ஆனால் நான் தட்ட முன்பே அம்மா கதவைத் திறந்துவிட்டா.

"படியில ஒராளின்ர காலடிதான் கேட்டுது," என்றா.

நவ. 20, வியாழன்.

விடியக்காலை அக்கா ரெலிபோன் எடுத்தா. அங்கே இரவு. சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றால்: செக்பொயின்ற்றில் மறித்தார்கள், டிக்கியைத் திறந்து சோதித்தார்கள், பற்றரியைக் கண்டார்கள், பதிவு விலாசம் மாறிப்போயிருந்தது.

"நீ பக்கத்தில நிண்டனிதானே. பற்றரி எண்டு சொல்லேல்லையே அவங்களுக்கு?"

சொன்னனான் அக்கா.

"பின்னை ஏன் அவங்கள் அதைக் கழட்டினவங்கள்?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

100ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டை. அங்கிருந்து நடை. அத்தானை வைத்திருக்கிற பொலிஸ் நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் மரவாங்கில் இருந்தேன். உடுப்புப் பையை வாங்கினார்கள், சவர்க்காரத்தை இரண்டாக வெட்டிப் பார்த்தார்கள். இரண்டு நிமிசம் பார்க்க விட்டார்கள். முகத்தில் மூக்குக்கண்ணாடி இல்லை, அதன் ஒரு பக்கக் கால் உடைந்துவிட்டதாம். எப்படி என்று கேட்டேன், அவர் என் சப்பாத்தைப் பார்த்தார்.

"உம்மில பிழையில்லை. இடத்தை மாத்திச் சொன்னது நான்தானே. ரெண்டு விடை வந்தா எந்த வாத்தியும் கொப்பியைத் திரும்பப் பாப்பான்." பிறகு, போகும்போது: "அவளுக்கு என்ன சொன்னனீர்?"

எல்லாம் சொன்னேன் என்றேன்.

கோடுகள் இருக்கிற புதுக்கடையில், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், லோயரைப் பார்த்தேன். வயதான ஆள், கோட்டில் தேநீர்க் கறை, கதைக்கும்போது பார்ப்பதில்லை. நாளை மத்தியானத்துக்குள் தங்கின இடத்தை நிரூபித்தால் விட இடமிருக்கிறதாம். அதற்குப் பிறகு தடுப்புக் கட்டளை எழுதிவிடுவார்கள். எழுதினால் மாதக்கணக்கு, சனிக்கிழமைப் பிளேனை மறக்கலாம். வாக்குமூலம் நேற்று நடந்தபடியே இருக்க வேண்டும், ஒரு சொல் கூடக் குறையக் கூடாது என்றார். மூடியைக் கழற்றச் சொன்னது ஆர் என்று கேட்டார். பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். நாளைக்கு எழுதிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

நாளைக்கு. இந்தக் கொப்பியில் அந்தச் சொல்லை எண்ணிப் பார்க்கலாம்.

கார் கீழே நிற்கிறது. மீற்றர் பார்க்கவில்லை. அம்மா சாப்பிடவில்லை. யன்னலோரம் இருந்து ஒழுங்கையைக் கேட்டுக்கொண்டிருக்கிறா.

நாளை, 21 வெள்ளி:

1. 6.00 – பஸ்ஸில் கொட்டாஞ்சேனை. லொட்ஜ் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வருவது. 13ஆம் திகதிவரை அத்தான் அங்கே இருந்ததற்குக் கையெழுத்து.
2. 8.00 – புதுக்கடை. வாக்குமூலம். 13க்குப் பிறகு என் பிளாற்றில், பதிவைத் தள்ளிப்போட்டது நான், காரணம் கார். அப்படியே எழுதுவது.
3. அதற்கு என் மேல் வழக்குப் போட்டால் போடட்டும்.
4. 11.00க்கு முன் லோயரோடு பொலிஸ் நிலையம்.
5. கண்ணாடிக்கு ஒரு கால்.
6. போக முன், 5.00 மணிக்கு, அக்காவுக்கு எடுப்பது. மூடியைத் திறந்தது நான். ஆமிக்காரன் போகச் சொல்லிவிட்டான்.