கோபியின் வாலருகே

ஜூலை 9, வியாழன். அட்டன்.

மனைவியின் தம்பி ரவி கினிகத்தேனையிலிருந்து வந்திருக்கிறான். மாலையில் என் கடல்நீர் மீன்தொட்டியில் இறாலின் வெறும் ஓடு கிடந்தது. பார்வை மங்கிய அந்த இறால் வளை தோண்டும். கோபி மீன் வாசலில் காவல் நிற்கும். அந்தச் சோடியை ரவி போன முறையே கேட்டான். நான் கொடுக்கவில்லை.

தொட்டி நீரைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரும் பிளக்கிலிருந்து கழன்றிருந்தது.

“போன் சார்ஜ் போட்டேன் மச்சான். ஒங்க எறாவ நான் தின்னுட்டேன்னா சொல்றீங்க?” என்றான். மனைவி சிரித்தாள். வீட்டில் வேறு பிளக்கே இல்லையா?

இறால் குளிரில் செத்துவிட்டது என்றே நினைத்தேன். விளக்கணைக்கப் போனபோது கோபியின் வாலருகே இரண்டு மீசைகள் அசைந்தன. ஓட்டை உரித்துப்போட்டுவிட்டு வளைக்குள்தான் இருந்திருக்கிறது.

ரவியிடம் சொல்லமாட்டேன். செத்ததாகவே நினைத்துக்கொண்டு காலையில் பஸ் ஏறட்டும். இருப்பது தெரிந்தால் மறுபடியும் கேட்பான்.