பந்துக்கு முதலிடம்

12 மார்ச் 1978, ஞாயிறு

மகன் வேலை பார்க்கும் கப்பல் துறைமுகத்துக்கு வந்திருக்கிறது. என்னையும் நாத்தனார் ரோஸம்மாளையும் அழைத்துப்போய்க் காட்டினான். சீட்டாட்டத்தில் நான் ஏமாற்றியதாக அவள் சொன்ன நாளிலிருந்து, இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.

கப்பலில், டெலிவிஷன் திரையில் பந்தடிக்கும் விளையாட்டு ஒன்று இருந்தது. தவக்காலத்தில் சீட்டைத்தானே தொடக்கூடாது என்று இருவரும் உட்கார்ந்தோம். மூன்று ஆட்டமும் நான் தோற்றேன்.

“இதுல ஏமாத்த முடியாதுல்லா, மைனி,” என்று சிரித்தாள்.

“ஏளா, ஈஸ்டருக்கு வீட்டுக்கு வா. சீட்டை நீயே கலைச்சுப் போடு.”

“வாரேன். மூக்குக் கண்ணாடியையும் கொண்டு வாரேன்.”

எனக்குப் பிடித்த விளையாட்டுகளில் சீட்டு முதலாவது, கேரம் இரண்டாவது, பல்லாங்குழி மூன்றாவது. தோற்ற விளையாட்டை நான் வரிசையில் சேர்ப்பதில்லை. இன்று அந்தப் பந்துக்கு முதலிடம் கொடுக்கிறேன். சீட்டு இரண்டாவது, ஈஸ்டர் வரைக்கும்.