பதினெட்டாம் பெருக்குக் காப்பரிசி

ஜூன் 10, செவ்வாய்

தென்னூரில் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஸ்ரீரங்கத்தில் மறுபடி மினிபஸ் பிடித்து இந்த ஊரில் இறங்குவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. சுற்றிலும் வாழைத்தோப்பு. பின்னால் கொள்ளிடக் கரை. நடுவில் அங்கன்வாடி.

வேலை இதுதான். செவ்வாயும் வெள்ளியும் வந்து குழந்தைகளோடு சேர்ந்து ஏதாவது தின்பண்டம் செய்ய வேண்டும். அவர்கள் கையில் நெருப்பும் கத்தியும் கூடாது. என்னை வேலைக்கு வைத்திருக்கும் தொண்டு நிறுவனம் இதற்குக் ‘குட்டிக் கைகள்’ என்று பெயர் சூட்டி, ஒரு மஞ்சள் ஏப்ரனும் கொடுத்திருக்கிறது. “உருண்டை புடிக்கச் சொல்லிக் குடுக்கவா எம்.எஸ்சி. படிச்ச?” என்றார் அத்தா. வேறு வேலை கிடைக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

இன்று வாழைப்பழமும் அவலும். பழத்தைக் கையால் மசிக்கச் சொன்னேன். பிரவீன்ராஜ் என்கிற நான்கு வயதுக்காரன் அதைத் தலையில் தேய்த்துக்கொண்டான். “எண்ணெ வைக்கிறேன் மிஸ்.” அவனைப் பார்த்து எல்லாரும் எண்ணெய் வைத்துக்கொண்டார்கள்.

மதியம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அடுப்பில் சாம்பார் சாதம் சுடச்சுட இருக்கிறது. ஆறு பிள்ளைகள் மட்டும் தட்டு ஏந்தினார்கள். மற்ற எல்லாரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்தார்கள்.

“சில புள்ளைங்களுக்கு இங்க சாப்பாடு ஒத்துக்காது பாப்பா” என்றார் பவுனம்மாள் டீச்சர். இந்த மையத்தின் பொறுப்பு அவரிடம்தான்.

அத்தனை வயிற்றுக்கும் சேர்ந்தாற்போலவா ஒத்துக்கொள்ளாமல் போகும்?

ஜூன் 13, வெள்ளி

புரிந்துவிட்டது. சமைக்கிற ராக்கம்மாள் காலனிக்காரர். தை மாதம் இங்கே மாற்றலாகி வந்தார். அன்றிலிருந்துதான் டப்பா. தட்டு ஏந்தும் ஆறு பேரும் காலனிப் பிள்ளைகள்.

இன்று முட்டை நாள். முட்டையை மட்டும் எல்லாரும் தின்கிறார்கள். ஓட்டோடு கொடுத்துவிட வேண்டும், பிள்ளைகளே உரித்துக்கொள்ளும். அம்மாக்கள் செய்த ஏற்பாடு. ஓடு இருந்தால் ராக்கம்மாளின் கை உள்ளே போகாதாம்.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு என்று கல்லூரியில் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

பிரவீன்ராஜின் அம்மா விஜயராணி. தெருவில் அவர் சொன்னால் எடுபடும். வாசலில் என்னை நிறுத்தி, தலையில் வைத்துக்கொள்ள ஒரு முழம் மல்லிகை கொடுத்தார்.

“சம்ரீன்னு பேரா? பாய் வீட்டுப் பொண்ணா? அப்ப ரம்ஜானுக்கு எங்களுக்கெல்லாம் பிரியாணி உண்டு!”

என் வீட்டுப் பிரியாணி இறங்கும். ராக்கம்மாளின் சோறு இறங்காது. இதை அவர் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். பூவை வாங்கிக்கொண்டு சிரித்துத் தொலைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

சத்துமாவு உருண்டை.

வீட்டுக்கு வீடு அரசாங்கம் கொடுக்கும் சத்துமாவு பாக்கெட் இந்த ஊரில் மாட்டுக்குப் போகிறது. விஜயராணி வீட்டு மாடு பார்க்க ஜோராக இருக்கிறது. பிள்ளைகளே செய்தால் பிள்ளைகளே தின்பார்கள் என்பது நிறுவனத்தின் கணக்கு. அது பொய்யில்லை. மாவு, வெல்லம், கொஞ்சம் நெய். உருண்டையை ஆளாளுக்கு ஒரு முட்டையாகப் பிடித்தார்கள். யானை முட்டை, மயில் முட்டை, பஸ் முட்டை. “பஸ் முட்டை போடுமா?” என்றேன். “மினிபஸ் அதுலேருந்துதான் வரும்” என்றான் பிரவீன்ராஜ்.

ஆனால் ஒன்றும் நிற்கவில்லை. எல்லாம் உதிர்ந்தது. அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ராக்கம்மாள் பொறுக்க முடியாமல் வந்து உட்கார்ந்தார்.

“பூவத் தடவுற மாதிரி தடவுனா எப்படிடா நிக்கும்? கொண்டா இங்க.”

உதிர்ந்ததையெல்லாம் வாங்கிப் பிசைந்து, அழுத்திப் பிடித்து, ஒரே தாம்பாளத்தில் அடுக்கினார். ஆளுக்கு மூன்று உருண்டை வீட்டுக்குப் போனது. எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றுகூடப் பிள்ளைகளின் கை அளவில் இல்லை.

நான் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே.

ஜூன் 27, வெள்ளி

“மிஸ், என் புள்ள புடிச்சதா அது? அவங்கப்பா ரெண்ட வாயில போட்டுக்கிட்டாரு. எனக்குப் பாதிதான் கெடச்சுது.” விஜயராணிக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுக்களையில் ராக்கம்மாள் பாத்திரத்தை ஓங்கி வைத்தார். சிரிப்பை அடக்கினாரா, எரிச்சலா, தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

எலுமிச்சை ஜூஸ். ஒருவர் கண்ணில் ஒருவர் பீய்ச்சிக்கொண்டார்கள். நான்கு பேர் அழுகை, என்னையும் சேர்த்து.

ஜூலை 15, செவ்வாய்

ராக்கம்மாளை மாற்றச் சொல்லி ஊரில் மனு கொடுத்திருக்கிறார்களாம். முதல் கையெழுத்து விஜயராணி. காரணம்: ‘சமையலில் சுத்தம் இல்லை.’ அடுத்த மாதம் அங்கன்வாடிகளுக்கு மேலதிகாரியான மேடம் விசாரிக்க வருகிறார். மாற்றினால், இப்போது காலியாக இருப்பது பச்சைமலையில் ஒரு மையம்தான்.

ராக்கம்மாளுக்கு வீட்டுக்காரர் இல்லை. பெண் ஸ்ரீரங்கத்தில் பிளஸ் டூ. “மலைக்கு பஸ்ஸே எப்பவோ ஒண்ணுதான். வயசுப் பொண்ண யாருகிட்ட விட்டுட்டு நான் அங்க போயி ஒக்காருவேன்?”

கலெக்டரிடம் போகலாம், பேப்பரில் எழுத வைக்கலாம் என்று நான் எகிறினேன்.

“நீ சும்மா இரு பாப்பா. பேப்பர்ல என் மூஞ்சி வந்துச்சுன்னா அப்புறம் எந்த ஊர்ல என்ன வச்சுக்குவான்?”

பவுனம்மாள் டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஓய்வு நெருங்குகிறது.

ராக்கம்மாள் ஒன்றும் தங்கமானவர் இல்லை. பருப்பு வேகும்போது செல்போனில் சீரியல் ஓடும். காலனிப் பிள்ளைகளைத்தான் அதிகம் திட்டுவார். எனக்கு அவரைப் பிடிக்குமா என்று கேட்டால் தெரியாது. பிடித்தால்தான் நியாயம் கேட்க வேண்டுமா?

ஜூலை 22, செவ்வாய்

கொழுக்கட்டை மாவில் பொம்மை. பாம்பு செய்வது சுலபம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். தாம்பாளம் முழுக்கப் பாம்பு. ராக்கம்மாள் வால்களை ஒட்டி ஆவியில் வேகவைத்தார். எல்லாம் வழக்கம்போல வீட்டுக்குப் போனது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு. காப்பரிசி செய்யலாம் என்றார் பவுனம்மாள் டீச்சர். எனக்கு அது புதிது. ஊறவைத்து வடித்த பச்சரிசி, வெல்லம், எள், பொட்டுக்கடலை, தேங்காய்ப் பல். அடுப்பே வேண்டாம். பிள்ளைகளுக்கென்றே யாரோ கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது.

தேங்காய்ப் பல்லில் பாதி கலப்பதற்கு முன்பே காணாமல் போனது. யாரைக் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை, மென்றுகொண்டிருந்ததால். வெல்லம் கட்டி கட்டியாக நின்றது. “நவுருங்கடா” என்று ராக்கம்மாள் முழங்கை வரை வெல்லமும் எள்ளும் ஒட்ட அரிசியைப் புரட்டிக் கலந்தார். வாழையிலையில் ஆளுக்கொரு பொட்டலம்.

“ஞாயித்துக்கெழம ஆத்துக்கு வாங்க மிஸ்” என்று கூப்பிட்டுவிட்டுப் போனார் விஜயராணி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போயிருக்கக் கூடாது. இல்லை, போனதில் தப்பில்லை. எழுதினால் தெளியுமா என்று பார்க்கிறேன்.

கொள்ளிடத்தில் நல்ல தண்ணீர். கரையில் பெண்கள் கூட்டம். விஜயராணி இலை விரித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, கருகமணி, காதோலை, பூ, பழம் எல்லாம் பரப்பினார். நடுவில் பிரவீன்ராஜின் பொட்டலம். சூடம் காட்டி, கொஞ்சம் எடுத்து ஆற்றில் விட்டு, மிச்சத்தைச் சுற்றி நின்றவர்களுக்குக் கொடுத்தார். மற்ற வீட்டுப் பொட்டலங்களும் அப்படியே பிரிந்து கை மாறின. நாத்தனார் வீட்டுக்குத் தனியாக ஒரு கிண்ணம் ஏற்கெனவே போயிருந்தது.

“சாப்பிட்டுப் பாருங்க அத்தாச்சி. என் புள்ள பண்ணுனது.”

அத்தாச்சி என்று அழைக்கப்பட்டவர் ஒரு வாய் போட்டுக்கொண்டு, “நாலு வயசுல இந்தப் பக்குவமா! பொண்ணாப் பொறந்திருக்க வேண்டியவன்டி” என்றார்.

பிரவீன்ராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நான் ஒண்ணும் பொண்ணு இல்ல. நான் எள்ளுதான் போட்டேன். ராக்கம்மா ஆயாதான் கையால கலக்குனாங்க. உருண்டயும் அவங்கதான். பாம்பு வாலும் அவங்கதான்.”

சுற்றியிருந்த எல்லார் வாயிலும் காப்பரிசி.

விஜயராணி என்னைப் பார்த்தார். “என்ன மிஸ் ஒளறுறான் இவன்?”

‘சின்னப் பிள்ளை, ஏதோ சொல்கிறான்’ என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் எதிர்பார்த்தார். பக்கத்தில் நின்ற பவுனம்மாள் டீச்சர் என் கையைக் கிள்ளினார். ஆனால் முட்டை ஓடு ஞாபகம் வந்தது. அந்த மல்லிகைப்பூவும்.

“அவன் ஒளறலங்க. இது மட்டுமில்ல, இவ்வளவு நாளா உங்க வீட்டுக்கு வந்த எல்லாமே ராக்கம்மா கை பட்டதுதான். உங்க வீட்டுக்காரர் ரெண்டு தின்னாருன்னு சொன்னீங்களே, அதுவும்.”

யாராவது துப்புவார்கள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் நானும் வாய்க்கு வந்ததைக் கேட்டிருப்பேன். ஒருவரும் துப்பவில்லை. சூடம் காட்டிக் கும்பிட்டாயிற்று. வாயில் இருப்பது காவேரியம்மாவுக்குப் படைத்தது. எப்படித் துப்புவது? மெல்லாமல், விழுங்காமல், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு ஒவ்வொரு தொண்டையாக இறங்கியது.

“மஞ்சக் கயித்த எடுங்கடி. நேரமாவுது” என்றார் அத்தாச்சி.

எல்லாரும் கயிறு கட்டிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எனக்கு முன்னால் விஷயம் அடுக்களைக்கு வந்துவிட்டிருந்தது.

“யாரக் கேட்டுச் சொன்ன?”

“உண்மையத்தானே சொன்னேன்.”

“உண்மை! நீ பாட்டுக்குச் சொல்லிட்டு தென்னூர் பஸ்ஸுல ஏறிடுவ. பச்சமல பஸ்ஸுல நானில்ல ஏறணும்? மேடம் வரப் போற நேரத்துல வாய வச்சுக்கிட்டு இருக்க முடியல உனக்கு?”

அவருக்காகச் சொன்னேனா, என் கோபத்துக்காகச் சொன்னேனா? கோபத்துக்குத்தான். எனக்குச் சூடு ஆறியது. விலை அவர் கொடுக்கப் போகிறார்.

இன்று அவல் உருண்டை. ராக்கம்மாள் வந்து உட்காரவில்லை. எல்லாம் உதிர்ந்தது. பிள்ளைகள் ஸ்பூனால் தின்றார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விஜயராணி பிள்ளையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். ஒரு பெண் குழந்தையை ஸ்ரீரங்கத்தில் ஏதோ நர்சரிக்கு மாற்றிவிட்டார்களாம். டப்பாக்கள் வந்துகொண்டிருக்கின்றன.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேடம் வந்தார். அம்மாக்களை உட்காரவைத்து மனுவைப் படித்தார். ராக்கம்மாள் அடுக்களை வாசலில், ஈரக் கையோடு.

“சுத்தம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. யாரு சாப்பிட்டுப் பாத்தீங்க?”

எல்லாரும் விஜயராணியைப் பார்த்தார்கள்.

“புள்ளைங்க யாருக்காவது ஒடம்புக்கு வந்துச்சா? அந்தம்மா கையால சாப்பிட்டு?”

நான் விஜயராணிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அதனால்தான் கேட்டது. பக்கத்தில் இருந்த பெண் அவர் காதைக் கடித்தார்: “ஆத்தங்கரைக் கதைய இழுத்துடாதீங்கக்கா. நாமளே சாப்பிட்டுட்டு, படைச்சுட்டு, சொந்தக்காரங்களுக்கும் குடுத்தோம்னு தெரிஞ்சா எங்க மாமியா என்ன வீட்டுக்குள்ளயே விடாது.”

விஜயராணி எழுந்தார்.

“அது அப்ப மேடம். இப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“அப்ப இந்த மனு?”

“வேணாம் மேடம். விட்டுடுங்க.”

மேடத்துக்கு நிம்மதி. டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். யாரும் திருந்தவில்லை. தின்றது வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான். மனசுமாற்றம் என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்வார்கள் நிறுவனத்தில். எழுத மாட்டேன்.

ராக்கம்மாள் அடுக்களைக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்தார். பெண்ணுக்கு போன் போட்டு, “போவல. இங்கதான்” என்றார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வெள்ளரிக்காய் சக்கர வண்டி. வெட்டித் தந்தது ராக்கம்மாள். என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. டப்பாக்கள் அப்படியே.

செப்டம்பர் 12, வெள்ளி

விஜயராணி காலையில் பவுனம்மாள் டீச்சரிடம், “டப்பா எடுத்தார மறந்துட்டேன் டீச்சர். இன்னிக்கு இவனுக்கு இங்கயே ஒரு கரண்டி போட்டுடுங்க” என்றார். அவர் வீடு நான்கு வாசல் தள்ளி. திரும்பிப் போய் எடுத்து வரலாம். போகவில்லை.

“திங்கள்லேருந்து தினமும் மறக்குது” என்று டீச்சர் என் காதில் சொன்னார். இன்று இன்னும் மூன்று பேருக்கு மறதி.

விளைவு, சோறு பத்தவில்லை. ராக்கம்மாள் கத்திய கத்தல் கரை வரை கேட்டிருக்கும்.

“மறக்கறவங்க முன்னாடியே சொல்லிட்டு மறக்க மாட்டாங்களா? கூட ரெண்டு டம்ளர் அரிசி போட்டிருப்பேன்ல! இப்ப நான் எங்கேருந்து கொண்டாருவேன்?”

“ஆயா, சாம்பார்ல உப்பில்ல” என்றான் பிரவீன்ராஜ், காலித் தட்டோடு.

“உப்பில்லாமத்தான் வழிச்சுத் தின்னியாடா?”

மறுபடி உலை வைத்தார். என்னைப் பார்த்து, “மரம் மாதிரி நிக்காத. புள்ளைங்கள ஒக்காத்தி வையி” என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முழு வாக்கியம் இது.

உட்காரவைத்தேன். பசி வந்துவிட்டால் கதை எடுபடாது. அடுத்த வாரத்துக்கென்று வாங்கிவைத்திருந்த பொட்டுக்கடலையும் நாட்டுச்சர்க்கரையும்தான் இருந்தன. ராக்கம்மாள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, வரிசையாக ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு பிடி வைத்துக்கொண்டே வந்தார். காலனி, தெரு என்று பார்த்து உட்காரவைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. பிரவீன்ராஜ் இரண்டு கையையும் நீட்டினான்.

“ஒரு கைதான்டா” என்றார். இரண்டிலும் வைத்தார்.