முறிகண்டியில் நிறுத்தாத கார்

சிவமயம்

நாலாம் வாய்க்கால்,
கிளிநொச்சி.
18.03.1962

அன்புள்ள மருமகன் தில்லைநாதனுக்கு மாமா சிற்றம்பலம் எழுதிக்கொள்வது,

இலண்டன் குளிருக்குள்ளும் பிள்ளையார் உமக்குப் பக்கத்தில் நிற்பார் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நான் சுகம், மாடுகள் சுகம், வயலும் சுகம். உம்முடைய அம்மாவைப் பற்றிப் பின்னுக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதம் போடுவது அக்காவுக்குத் தெரியாது. நீர் அங்கே எழுதும் சோதனை முடியும்வரை ஒன்றும் அறிவிக்கக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் சத்தியம் என்றால் என்னவென்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

காலபோகம் நல்ல விளைச்சல். என் வயலைப் பார்க்கவென்றே விவசாயக் கந்தோர்க்காரர் ஜீப்பில் வந்தார்கள். எல்லோருடைய வயலையும்தான் பார்த்தார்கள், ஆனால் என்னுடைய வரம்பில் கூடநேரம் நின்றார்கள்.

இனி உம்முடைய காரின் கதை. நாட்டை விட்டுப்போன வெள்ளைக்காரரிடம் நீர் ஆசைப்பட்டு வாங்கிய அந்தப் பச்சைக் காரை, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய திறந்த காரை, ஓடாமல் துடைத்து மூடி வைக்கச் சொல்லிவிட்டுக் கப்பலேறினீர். துடைத்தேன், மூடினேன். பிறகு கொழும்புக்கு ஓடினேன்.

கோபிக்க வேண்டாம். அக்காவுக்குத் தை மாதம் தொடக்கம் வயிற்றில் ஒரு கட்டி. இங்குள்ள டாக்குத்தர் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார். ரயிலில் போவோம் என்றுதான் நானும் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. மகன் வாங்கின காரில் தான் ஒருநாளும் ஏறியிருக்கவில்லை, இப்போது ஏறாவிட்டால் எப்போது ஏறுவது என்று கேட்டார். காரின் மூடுசீலையைக் கழற்றினேன். கார் ஓடத் தெரிந்தவன் இந்த நாலாம் வாய்க்காலில் நான் ஒருவன்தானே.

விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். எண்பது மைல் வேகம். புளியங்குளத்தில் தனியன் யானை ஒன்று எங்களைக் கண்டு வழிவிட்டு ஒதுங்கியது. புளியங்குளத்தில் தனியன் யானை ஒன்று எங்களைக் கண்டு வழிவிட்டு ஒதுங்கியது. மதவாச்சியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை காட்ட, அக்காவும் தலையில் கட்டிய துவாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையைக் காட்டிச் சிரித்தார். சார்ஜனையும் யானையையும் நீர் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. அக்கா சிரித்தது உண்மை.

அநுராதபுரம் தாண்டியதும் மழை. காரின் சீலைக் கூரையை எலி அரித்துவிட்டது (அதற்குள் நெல்லு மூட்டை வைத்தது என் பிழை). அக்கா விரித்த குடையைக் காற்று மறுபக்கம் மடக்கியது. எஞ்சினும் நின்றுபோனது. நல்ல வேளையாகக் கருவாடு ஏற்றிக்கொண்டு தண்ணீரூற்று ஊர் மீராசாகிபுவின் லொறி வந்தது. “சித்தம்பலத்தார், இது காரோ, சில்லு முளைச்ச சவர்க்காரப் பெட்டியோ?” என்று கேட்டுவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பகிடியை நிறுத்திவிட்டார். தன் லொறியின் முன் ஆசனத்தில் வந்திருக்கும்படி கூப்பிட்டார். அக்கா மாட்டேன் என்றார். கடைசியில் லொறியை மூடும் படங்கை அக்காவுக்கு மேலால் போர்த்து, கயிறு கட்டி, புத்தளம்வரை இழுத்துப் போனார். நானும் சம்மதித்தேன். மூன்றாம் நாள் கொழும்பு போய்ச் சேர்ந்தோம்.

பெரிய டாக்குத்தர் என்னோடு சரிசமமாகக் கைகுலுக்கி இங்கிலீசில் கதைத்தார். நானும் தலையாட்டினேன். பிறகு எங்கள் பக்கத்து நேர்ஸ் பிள்ளை ஒருத்தி என்னைத் தனியே கூப்பிட்டுத் தமிழில் சொன்னாள்.

“அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஆசைப்பட்டதைச் சாப்பிடக் குடுங்கோ.”

வெறும் வயிற்றுப்புண்தான், வருஷப்பிறப்புக்குள் மாறிவிடும் என்று அக்காவுக்கு விரித்துச் சொன்னேன். நான் சொல்லுகிற கதைகளைச் சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகியவர் அவர். ஓம் ஓம் என்றார்.

தம்பி, ஒன்றை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன்.

போகும்போது முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நான் நிறுத்தவில்லை. பஸ், லொறி, மாட்டு வண்டில் எல்லாம் அங்கே நின்று, இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். உமக்குத் தெரியாததா? ஆனால் எஞ்சின் நின்றால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். விடியற்புறம் தள்ள ஆள் இல்லை. திறந்த கார்தானே என்று ஒரு கையால் ஓடிக்கொண்டு மற்றக் கையால் தேங்காயைக் கல்லுக்கு எறிந்தேன். உடைந்தது என்று சொன்னேன். அது உடையாமல் கச்சான் கடலை விற்கும் கொட்டிலுக்குக் கீழே உருண்டு போனதை அக்கா திரும்பிப் பார்த்துவிட்டார்.

“தம்பி, இறங்கி உடைச்சிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது கேட்காமலே நிறுத்தினேன். அந்தக் கார் நிலத்தோடு ஒட்டியது, அக்காவால் எழும்ப முடியவில்லை. நாலு புசல் நெல்லு மூட்டையைத் தனியே தோளில் ஏற்றுகிறவன் நான், ஊருக்கே தெரியும். அக்காவைத் தூக்க அந்தப் பலம் ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் பேருக்கு உடைக்கத் தேங்காயை எடுத்தேன். கையைப் பிடித்துவிட்டார்.

“எனக்கு வேண்டாமடா. அவன்ரை சோதனைக்கு உடை.”

உம்முடைய பேருக்குத்தான் உடைத்தேன். கச்சான் விற்கும் பெண்கள் காரைத் தள்ளிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சைக்கிளில் எட்டு மைல் போய், அக்காவுக்காக ஏழு நாள் ஏழு தேங்காய் உடைத்தேன். ஏழும் சரிபாதியாக உடைந்தன. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. உடைந்து என்ன, அக்கா இப்போது கஞ்சித் தண்ணீரும் இறக்குவதில்லை. உமக்கென்று வாங்கிய கச்சான் சுருளைத் தலைமாட்டில் வைத்திருக்கிறார். கார் பாலை மரத்துக்குக் கீழே நிற்கிறது. யன்னலால் அது தெரிய வேண்டுமென்று கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார்.

கப்பல் மூன்று கிழமை எடுக்கும். கப்பலை நம்பாதேயும். சோதனையை அடுத்த வருஷமும் எழுதலாம். எந்த வாகனத்தில் வந்தாலும் முறிகண்டியில் நிறுத்தி, காலை நிலத்தில் வைத்து இறங்கி உடையும். முந்தி வந்து சேர வேண்டுமென்று அதை மட்டும் விட்டுவிடாதேயும்.

ஓட வேண்டாம் என்று சொன்ன காரை ஓடினதற்கு நீர் என்னை ஏசிப் பேச வேண்டும். கடிதத்தில் பேசாதேயும், ராசா. நேரில் வந்து, அக்காவுக்குக் கேட்கத்தக்கதாகப் பேசும்.

உம்மை எதிர்பார்க்கும்,
மாமா
க. சிற்றம்பலம்