ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிற கார்ச் சாவி

அன்பு மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரர் எழுதுகிற கடிதம். இங்கே நானும் உன் அம்மாவும் உன் அக்காவும் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு, சுகமாக இருக்க வேண்டும். நல்லபடியாகச் சொல்ல வேண்டியது இத்துடன் முடிந்தது. இனி வருவதெல்லாம் கோபம்தான், உட்கார்ந்து படி. தையல்காரர் இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, பெத்த புள்ளைக்கு இப்படியாண்ணே எழுதுவாங்க, கொஞ்சம் தணிச்சு சொல்லுங்க என்கிறார். நீங்கள் வெட்டுகிற துணியில் நான் கை வைக்கிறேனா, என் பேச்சில் நீங்கள் ஏன் கத்திரி போடுகிறீர்கள், சொன்னதை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டது என்றைக்கு? நான் வாயைத் திறப்பதற்குள் புரியுதுப்பா புரியுதுப்பா என்கிறாய், புரிவதற்கு முன்னால் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் சொல்லத் தெரியும். உனக்குப் படிக்கத் தெரியும், கேட்கத்தான் தெரியவில்லை.

விஷயம் உன் கார். ஊரை விட்டுப் போகிற அன்றைக்கு, அக்கா ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய் வரட்டும், அம்மாவை முட்டி வைத்தியத்துக்குக் கூட்டிப்போகட்டும் என்று பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டுப் போனாயே, அந்தக் கார். மழைக்காலம் முடிந்த கையோடு அது ஒரு சேட்டையை ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் உன் அக்கா கையில் கிடுகிடு என்று ஆடுகிறது. ஆஸ்பத்திரி மேட்டின் உச்சியில், நம் வீடு அடிவாரத்தில், நடுவில் பதினோரு வளைவு. இறங்குகிற வழியெல்லாம் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டேதான் வர வேண்டும் என்பது உனக்குத் தெரியாததில்லை. அவள் வந்து என்னிடம் சொன்ன மறுநாள் காலை நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் வரும் சமதளச் சாலையில், ஆள் அரவம் இல்லாத நேரத்தில் அறுபதில் ஓட்டச் சொல்லி, ஸ்டீயரிங்கில் என் விரலை வைத்துப் பார்த்தேன். தூங்குகிற குழந்தை மாதிரி இருந்தது. பிரேக்கை மிதிக்கச் சொன்னேன், சல்லடை மாதிரி ஆடியது, பெடலும் காலைத் திருப்பி உதைக்கிறது என்றாள். வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஹேண்ட்பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடிக்கச் சொன்னேன், அது பின்சக்கரத்தைப் பிடிப்பது, அப்போது ஸ்டீயரிங்கில் ஒரு சலனமும் இல்லை. போதுமடா. டயரிலோ பேலன்சிலோ கோளாறு என்றால் பிரேக் மிதிக்காமல் ஓடும்போதே ஆட வேண்டும். மிதித்தால் மட்டும் ஆடுகிறது, அதுவும் கையில் ஆடுகிறது என்றால் முன்சக்கரத்து பிரேக் டிஸ்க்கில் கோணல். முப்பத்துநாலு வருஷம் ஓட்டினவன் கையால் தொட்டுப் பார்த்துச் சொன்னேன், நீ சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு என்ன சொன்னாய்? அப்பா, அது லாரி, இது கார், நீங்க சும்மா இருங்க என்றாய். புதன்கிழமை, உன் அம்மா வைத்த குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. நீ மறந்திருப்பாய், நான் மறக்கிற ஜாதி இல்லை.

அதற்கப்புறம் உன் பேச்சைக் கேட்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஒர்க்‌ஷாப்காரனிடம் வண்டி போயிற்று. முதல் தடவை வீல் பேலன்ஸ். ஆடியது. இரண்டாம் தடவை அலைன்மென்ட். ஆடியது. மூன்றாம் தடவை முன்டயர் இரண்டையும் மாற்றினான், புது டயரோடு ஆடியது. ஒரு தடவையாவது சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருக்கும் டிஸ்க்கைப் பார்த்தானா என்றால் இல்லை. கம்ப்யூட்டர்ல எல்லாம் பச்சையா காட்டுது பெரியவரே என்று என் தோளைத் தட்டினான். கம்ப்யூட்டரையே கொண்டுபோய் வளைவில் பிரேக் போடச் சொல்லு என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் மறுபடி சொன்னதற்கு, அவங்க டிரெயினிங் எடுத்தவங்கப்பா என்றாய்.

இனிமேல்தான் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கு உன் அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது வளைவில் எதிரே பஸ். உன் அக்கா பிரேக்கை மிதித்தாள், ஸ்டீயரிங் கையைப் பிடுங்குகிற மாதிரி உதறியது, பயந்துபோய் ஒரு நொடி காலை எடுத்துவிட்டாள். இடது பக்கம் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. நின்றதே, அது போதும், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உனக்குப் போன் போட்டோம், உன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை எனக்கு அப்படியே காதில் நிற்கிறது. எந்த டோரு என்று கேட்டாய். அம்மாவுக்கு அடியா என்று கேட்கவில்லை, அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை, எந்த டோரு! அதோடு விட்டாயா, பிரேக்கை எப்படி மிதிக்கணும்னு தெரியாதவ கையில வண்டியைக் குடுத்தா இப்படித்தான் ஆகும், பேசாம அவளை பஸ்ல போகச் சொல்லுங்க என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் பின்னால் நின்று நர்ஸ் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள், கார்ச் சாவியை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள், உள்ளே போய்விட்டாள். இன்றைக்கு நாற்பத்தோரு நாள். அந்தச் சாவியை அவள் தொடவில்லை. இரண்டு பஸ் மாறிப் போகிறாள், நின்றுகொண்டே வேலை பார்ப்பவள் நின்றுகொண்டே வீடு திரும்புகிறாள். உன் அம்மாவை அந்தப் பஸ் படிக்கட்டில் ஏற்ற முடியாது, அதனால் வைத்தியம் நின்றுபோய், இப்போது அவள் மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். எனக்கோ கண் மங்கி லைசன்ஸ் போய் ஆறு வருஷம் ஆகிறது. டோரில் விழுந்த கீறல் ஒரு சாண் நீளம், அளந்து வைத்திருக்கிறேன். மற்றதையெல்லாம் எதை வைத்து அளப்பது?

பிரேக் மிதிக்கத் தெரியாதவளா அவள்? பத்தொன்பது வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாமல் ஓட்டக் கற்றவள் அவள் ஒருத்திதான். உனக்குக் கற்றுக்கொடுத்தபோது எனக்குத் தொண்டை கட்டிப்போய் மூன்று நாள் கஷாயம் குடித்தேன். ஒன்று கேட்கிறேன், இந்தக் காரை நீ வாங்கி ஐந்தாம் நாள் நம் வீட்டுக் கேட்டின் கீல் உடைந்ததே, யார் உடைத்தது? நான்தாம்ப்பா கவனிக்காம ரிவர்ஸ் எடுத்துட்டேன் என்று அவள் வந்து சொன்னாள், நீ செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன் மகனே. டிரைவர் சீட்டிலிருந்து இறங்கியது யார், கோடு போட்ட சட்டை போட்டிருந்தது யார் என்று எல்லாம் பார்த்தேன். புதுக் கார் வாங்கின சந்தோஷத்தில் இருக்கிறாய் என்று அவள் உன்னைக் காப்பாற்றினாள், சரி போகட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அவளைப் போய் நீ பஸ்ஸில் போகச் சொல்கிறாய்.

போன வாரம் நான் பொறுத்தது போதும் என்று பெட்ரோல் பங்க் பக்கத்தில் கொட்டகை போட்டிருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிவந்து வண்டியை ஒப்படைத்தேன். நிதானமாக வேலை பார்ப்பதால் அவருக்கு ஆமை என்று பேர் வைத்திருக்கிறார்கள், அவரே அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறார். நானும் கூடவே போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஜாக்கி வைத்துத் தூக்கினார், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி பேரிங் சரியாக இருக்கிறது என்றார், பிறகு கழற்றினார். டிஸ்க் உட்காரும் இடத்தில் இருந்த துருவைச் சுரண்டித் துடைத்தார், இந்த அழுக்கே அளக்கிற முள்ளை ஆட்டிடும், அப்புறம் நல்ல டிஸ்க்கைக் கெட்டதுன்னு சொல்லிடுவோம் என்றார். முள் வைத்த சின்னக் கடிகாரம் மாதிரி ஒரு கருவியை டிஸ்க் மேல் ஒட்ட வைத்து, கையால் மெதுவாகச் சுற்றினார். முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அது பொய் சொல்கிறவன் கண் மாதிரி அங்கேயும் இங்கேயும் அலைந்தது. இரண்டு பக்கமும் அதே கதை. நான் சொன்னேனா இல்லையா! அந்தக் கணமே உனக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் அவர் டிஸ்க்கில் நீலம் பாரித்த திட்டுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இதுக்கு யாரு தண்ணி ஊத்துறது, எப்போ ஊத்துறது என்று கேட்டார். நான் திரும்ப ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

தினமும் சாயங்காலம் ஒரு போட்டோ அனுப்பச் சொன்னாயே. சேறு காஞ்சா பெயின்ட் போயிடும்ப்பா, வந்த உடனே கழுவிடுங்க என்றாயே. அவள் வந்து இறங்கி வாசற்படி ஏறுவதற்குள் நான் பக்கெட்டோடு நிற்பேன். முதல் பக்கெட் சக்கரத்துக்குத்தான், அந்த வெள்ளிக் கம்பிகள் பளபளவென்று இருந்தால்தானே போட்டோவில் நன்றாக விழும். பதினோரு வளைவு பிரேக் பிடித்துக் கொதித்துப்போய் வந்து நிற்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர். புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், ஆவி எழும்பும். வண்டி பாவம் பெருமூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொள்வேன், அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துக்கூடப் போயிற்று, இன்னொரு சொம்பு கூட ஊற்றுவேன். லாரி ஓட்டின காலத்தில் மலை இறங்கி நிறுத்தினால் சக்கரம் ஆறும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, பட்டால் சூடான இரும்பு கோணிவிடும் என்று, தெரியாமல் ஊற்றப்போன ஒரு மனுஷனின் கையிலிருந்த வாளியை உதைத்துத் தள்ளியவன் நான். வாளி உருண்டுபோய் நின்ற புளியமரம்கூட ஞாபகம் இருக்கிறது. இத்தனையும் ஞாபகம் இருக்கிற மண்டைக்கு, பளபளப்பைக் கண்டதும் அந்த ஒன்று மட்டும் மறந்துபோயிற்று. நீ சொன்னாய், நான் செய்தேன். சொன்னவனைவிடச் செய்தவனுக்குத்தான் விவரம் தெரிந்திருக்க வேண்டும். ஆமை இன்னொரு தடவை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார் போலிருக்கிறது, டீ சொல்லட்டுமா என்றார்.

லேத்தில் கடைந்து சரிபண்ணுகிற கனம் பழைய டிஸ்க்கில் மிச்சம் இல்லை என்பதால் புது டிஸ்க், புது பேட் போட்டிருக்கிறது. நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றி, அளவு காட்டும் ஸ்பானரால் முறுக்கினார், ஒரு பக்கமாக இறுக்கினாலும் டிஸ்க் கோணுமாம். ஆமையே மேட்டுக்கு ஏற்றி இறக்கினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழாவது வளைவில் நன்றாக மிதிக்கச் சொன்னேன், ஸ்டீயரிங் அசையவில்லை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வண்டி சரியாயிடுச்சும்மா என்று மட்டும் அவளிடம் சொன்னேன், அப்படியா என்று சொல்லிவிட்டு பஸ் பாஸைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். எதனால் கெட்டது என்பதை மூன்று நாளாக விழுங்கிக்கொண்டு திரிகிறேன். இன்றைக்கு அவள் டியூட்டி முடிந்து வந்ததும் சொல்லிவிடுவேன், உன் காலில் தப்பில்லை, என் கையில்தான் தப்பு என்று. அது என் பங்கு. உன் பங்கை நீ செய். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வீட்டில் இருப்பாள். என் போனுக்குப் போடாதே, அம்மா போனுக்கும் போடாதே, அவள் போனுக்குப் போடு. சுற்றி வளைக்காமல் தப்பு என்னுதுக்கா என்று சொல். கேட்டின் கீலையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. போட்டோ இனிமேல் வராது. காரில் தூசி இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

கோபத்தில் சொன்னாலும் பெற்றவன் வாய், உனக்கு ஒரு குறையும் வராது. நோய்நொடி இல்லாமல், போகிற வேலை தடங்கல் இல்லாமல், நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. அங்கே நீயும் பள்ளத்தில் இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்கு, எல்லாவற்றையும் பிரேக் தலையில் கட்டாதே. ஞாயிறு, பத்து மணி.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் இன்னும் தீராத அப்பா
(கைநாட்டு கீழே)

இரண்டு நாள் கழித்து எழுதுவது. தையல்காரருக்குப் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிற நெருக்கடி, கவரை ஒட்டாமல் வைத்திருந்தார். ஒரு விதத்தில் நல்லதாயிற்று. அன்றைக்கு அவள் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குனிந்த தலை நிமிராமல் கேட்டாள், சரிப்பா என்றாள், அவ்வளவுதான். மறுநாள் எழுந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் மேல் சாவி இல்லை, வாசலில் கார் இல்லை, உன் அம்மாவும் இல்லை. சாயங்காலம் வரைக்கும் நான் தெருவுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். ஆறு மணிக்கு வண்டி வந்து சத்தமில்லாமல் நின்றது. கண்ணாடியை இறக்கி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, அப்பா, மொதல்ல அந்த பக்கெட்டைக் கீழ வைங்க, இல்லேன்னா நாளையிலேருந்து நீங்கதான் பஸ்ல போகணும் என்று கத்தினாள். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். எப்போது பக்கெட்டை எடுத்தேன், எப்போது தண்ணீர் பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் அம்மா வண்டிக்குள் சிரித்த சிரிப்பில் அவளை இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆக, உன் போனுக்காக அவள் காத்திருக்கவில்லை. அதனால் நீ தப்பித்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்ளாதே. கடிதம் இந்த வாரம் வந்து சேர்ந்தால் இந்த ஞாயிறு, தாமதமானால் அடுத்த ஞாயிறு. அவள் போனுக்கு.