நீலக் காரின் பழைய வீடு

அக்கா,

நீலக் காரின் கதவைத் திறந்ததும் சென்ட் வாடை மூக்கில் அடித்தது. கண்ணாடியில் தொங்கிய அட்டையிலிருந்து வந்த எலுமிச்சை வாடை. அதற்கு அடியில் புதுப் பெயின்ட் வாடையும் இருந்தது. உடனே உன் ஞாபகம் வந்தது. சென்ட் பூசிய வண்டியே உனக்கு ஆகாது. "கல்யாணத்துக்குப் பொறப்பட்ட மாதிரி இருக்கு. என்னத்தையோ மறைக்கிறாங்க" என்பாய்.

உன் மகள் ஜெசிந்தாவுக்கு எல்கடுவையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு மாற்றம் வந்திருக்கிறது. பஸ்ஸுக்கு நின்று அலுத்துப்போய், கார் வாங்கப் போகிறேன் என்றாள். நான் தடுக்கவில்லை. ஆனால் அந்த மலை ரோட்டின் வளைவுகள் உனக்குத் தெரியும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். நீ போன பிறகு நம் வீட்டுக்கு வரப்போகும் முதல் வண்டி, அதில் ஏறப்போவது உன் பிள்ளை. இந்தச் சமயம் பார்த்து நீ இல்லாமல் போனாய். இதை நான் குறையாகத்தான் சொல்கிறேன்.

நீலக் கார் நின்றது பலாபத்வலையில், மெயின் ரோட்டோரம் பழைய வண்டி விற்கும் ஒரு கார் சேலில். விற்கிறவன் ஓர் இளந்தாரி. என்னைப் பார்த்தான், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தான்.

"ஆம்பளைங்க யாரும் வரலயா ஆன்ட்டி?"

"ஏன், காரத் தூக்கிக்கிட்டா போகணும்?"

ஜெசிந்தா என் கையைக் கிள்ளினாள். அவன் சிரித்துச் சமாளித்தான். "ஒரே ஓனர் ஆன்ட்டி. ஒரு டொக்டர் நோனா, லேடி டொக்டர், வச்சிருந்தது. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டுந்தான் எடுப்பாங்க."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு நடந்தா போனாங்க?"

இடப்பக்க முன்கதவைத் திறந்து பார்த்தேன். கதவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் தெரிந்தது. அந்தப் பக்கத்து நீலம் மற்றப் பக்கத்தைவிடச் சற்றுக் கறுப்பு. "சின்னக் கீறல் ஆன்ட்டி, அழகுக்கு அடிச்சோம்" என்றான். கீறலுக்கு யார் கதவைக் கழற்றுவார்கள்? ஆனால் ஜெசிந்தாவுக்கு அந்த நிறம் பிடித்துவிட்டது. ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே நின்றாள். பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். டொக்டர் நோனாவின் விலாசம் இரத்தோட்டையில் இருந்தது. டொக்டர் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை.

"நேர்ல போய்க் கேப்போம்" என்றேன்.

"ஐயோ சின்னம்மா, இந்தக் காலத்துல யாராவது வீடு தேடிப் போவாங்களா? மானம் போகுது."

"ஒங்கம்மா போனா."

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

நீ போன வீடுகளை நான் மறக்கவில்லை. மிளகும் கராம்பும் வாங்கி விற்க நாம் வேன் தேடி அலைந்த காலம் அது. எனக்கு வண்டி வேலை ஒருவரும் சொல்லித் தரவில்லை. கராஜ் பாஸிடம் கேட்டதற்கு, "பொம்பளைக்கு எதுக்கு?" என்று முகத்துக்கு நேரே சொன்னார். கழற்றியும் பூட்டியும் நானே கற்றேன். ஆகையால் வண்டியை நான்தான் பார்ப்பேன் என்று நிற்பேன். "நீ வண்டியப் பாரு, நான் வீட்டப் பாத்துட்டு வர்றேன்" என்று நீ ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நேரே குசினிக்கு, அடுப்படியில் நிற்கும் பெண்களிடம் போய்விடுவாய்.

மாத்தளை டவுனுக்கு வெளியே ஒரு வீட்டில் அந்தப் பச்சை வேன் நின்றது, நினைவிருக்கிறதா? வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று சத்தியம் செய்தார். "இது பாரமே கண்டதில்ல தங்கச்சி. பூ மாதிரி வச்சிருந்தேன்." எஞ்சின் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. சரி என்று வாய் திறந்தேன். நீ சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தபடி வந்து என் காதில், "வேணாம்டி. அவரு தம்பி வீடு கட்ட அத்தன கருங்கல்லும் இதுலதான் ஏத்தியிருக்காரு" என்றாய்.

எப்படிக் கேட்டாய் என்றேன். "ஏன் குடுக்குறீங்கன்னு கேட்டேன். பொறகு சும்மா இருந்தேன்" என்றாய். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை நான் உன்னோடு பேசவில்லை. ஸ்பிரிங்கை மாற்றியிருந்தால் அந்த வேன் நன்றாக ஓடியிருக்கும். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இரத்தோட்டை வீட்டுக்கு நானும் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். படியேறிப் போனால் ஒரு பெண் சாக்கு விரித்துச் சாதிக்காய் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவள் பெயரில்தான் கார் இருந்தது. நீ செய்ததைச் செய்யத்தான் நினைத்தேன். ஆனால் உட்கார்ந்ததும் என் வாய் என் வாயாகவே இருந்தது.

"கார் எங்க அடிபட்டுச்சு? கதவக் கழட்டினது யாரு?"

அவள் முகம் இறுகிப்போனது. "நல்ல கார்தாங்க. வாங்குங்க" என்று சாதிக்காய்ப் பக்கம் திரும்பிவிட்டாள். ஜெசிந்தா எழுந்துவிட்டாள். எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஏம்மா குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

அது உன் குரலில் வந்தது, அக்கா. எனக்கே திக்கென்றது. பேச முடியாமல்தான் சும்மா இருந்தேன். அவள் அதைப் பொறுமை என்று நினைத்திருப்பாள்.

அவள் சாதிக்காய்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள். "எங்க அவரு ஓட்டிக்கிட்டு வரும்போது பள்ளத்துல எறங்கிருச்சுங்க. இடுப்பெலும்பு ஒடஞ்சு இன்னும் உள்ளதான் படுத்திருக்காரு. கராஜ்ல காரச் செஞ்சு குடுத்தாங்க. ஆனா பிரேக் அடிச்சா எடது பக்கம் இழுக்குது. எத்தன பேருகிட்ட காட்டினாலும் அப்பிடியேதான். சேல்காரங்ககிட்ட சொல்லித்தான் குடுத்தோம்."

பிறகு நிமிர்ந்து ஜெசிந்தாவைப் பார்த்தாள். "நீங்களா ஓட்டப் போறீங்க? எந்தப் பக்கம்?"

"எல்கடுவ."

"வேணாங்க."

திரும்பும் பஸ்ஸில் ஜெசிந்தா போனை எடுத்துக் கார் சேல்காரனிடம் வேண்டாம் என்றாள். அவன் விடவில்லை. அந்தப் பொம்பளை பொய் சொல்கிறாள் என்று கத்தியது எனக்கே கேட்டது. போனைப் பிடுங்கினேன். "யாரு தம்பி, டொக்டர் நோனாவா பொய் சொல்றாங்க?" என்றேன். அவன் வைத்துவிட்டான். ஜெசிந்தா சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

"அம்மா இப்பிடித்தான் கேப்பாங்களா சின்னம்மா?"

"என்னைய விட நல்லாக் கேப்பா" என்றேன். உன் முன்னால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகும் சில வீடுகள் ஏறினோம். கடைசியில் ஒரு வெள்ளைக் கார். கிழவர் ஒருவர் வைத்திருந்தது. கண் மங்கியதால் கொடுத்தார். போல்ட்டில் ஸ்பேனர் தடம் இல்லை, பிரேக் அடித்தால் நேராக நிற்கிறது. மலையில் ஏற்றியும் இறக்கியும் பார்த்த பிறகுதான் உன் மகள் கையில் சாவியைக் கொடுத்தேன்.

இருந்தும், அவள் காலையில் மலையேறினால், பின்னேரம் கேட் திறக்கும் சத்தம் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. "வண்டி நல்லாத்தானே இருக்கு, ஏன் சாப்பிடல?" என்று திட்டுகிறாள். பசிக்கவில்லை என்கிறேன். மழை இருட்டினால் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறேன். அவளுக்காகப் பயப்படுகிற வேலையை நீ இருந்தவரை நீயே வைத்திருந்தாய், எனக்குப் பங்கு தரவில்லை. இப்போது அது என்னிடம் இருக்கிறது. நானும் யாருக்கும் தரமாட்டேன்.