மூன்றாவது கியரும் மூன்றடுக்குக் கேக்கும்

மார்ச் 4, செவ்வாய்

பிறந்தநாள் வீட்டில் கேக்கை இறக்கிவிட்டு வந்தேன். இரண்டடுக்கு. பெட்டியைத் திறந்தால் மேல் அடுக்கு ஒரு விரல் அகலம் நகர்ந்திருக்கிறது. வெயில் இல்லை, கிரீமும் இறுக்கமாகத்தான் இருந்தது. வண்டிதான் காரணம். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போது யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி இருந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். நமக்குத் தெரியாமல் மாற்றிக்கொள்ளும் என்பதற்காகத்தான் இத்தனை வருடமாக இந்தக் கிழட்டு வண்டியைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன்.

நகர்ந்த இடத்தைக் கூடுதலாக நாலு ரோஜா போட்டு மறைத்தேன். அந்த வீட்டம்மா அதற்கும் நன்றி சொன்னாள். கடவுள் இருக்கிறார்.

மார்ச் 6, வியாழன்

மேட்டில் பாதி ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. என்ஜின் அலறுது, சக்கரம் நகரல. பின்னால ஒரே ஹாரன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர், என் வீட்டுக்காரர், என்ன செய்தார்? பத்தடிக்கு அப்பால் ஆள் நின்றால் அடையாளம் தெரியாத மனுஷன், இறங்கிப் போய் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்று வண்டிகளை நிறுத்துகிறார்! கொஞ்சம் ஆறவிட்டதும் வண்டி மெல்ல நகர்ந்தது. வீடு வரும்வரை திட்டித் தீர்த்தேன்.

இப்போது நினைத்தால், எனக்காக ரோட்டில் நிற்க ஒரு ஆள் இருக்கிறார். அதை அவரிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

சொல்லவில்லை.

வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் கியர்பெட்டி முழுக்கப் போய்விட்டது என்றார்கள். புதிதாகப் போட்டால் அது வண்டியின் விலையையே தாண்டுமாம், பழைய இரும்புக்குப் போடுவதுதான் புத்திசாலித்தனமாம்.

மகனுக்கு இவர் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். போனை என்னிடம் தந்ததும் அவன் சொன்னான்: "வண்டிய வித்துடும்மா. கேக்கையும் விட்டுடு, போதும். திரும்பவும் நடுரோட்டுல நின்னா யாரு வருவா? நான் உடனே வர்ற தூரத்துலயா இருக்கேன்?"

கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். குரலில் பயம் இருந்தது. பார்க்கலாம்பா என்றேன்.

22ஆம் தேதி கல்யாணத்துக்கு மூன்றடுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதுதான் கடைசிக் கேக்கா? எழுதிப் பார்த்தேன். எழுதவே பிடிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கியர்பெட்டி வேலை மட்டுமே செய்கிற ஒருவரைப் பிடித்தோம். சிடுமூஞ்சி. வணக்கம் சொன்னால் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி முகர்ந்து பார்க்கிறார். "கருகின வாடை வருது," என்றார். பிறகு, சரிவில் எப்படி இறங்குவீர்கள் என்று கேட்டார்.

இவருக்கு ஒரே குஷி. இவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்லவா! சரிவு வந்ததும் நான் வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவேன். இழுவை இல்லாமல், குலுங்காமல் அப்படியே மிதந்து இறங்கும். கீழே வந்ததும் திரும்ப டிரைவில் போடுவேன். கேக்கில் ஒரு சர்க்கரை முத்துகூட உதிராது. கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

சிடுமூஞ்சி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதுலதான் சார் போச்சு. ஓடிட்டிருக்கிற வண்டிய, திரும்ப டிரைவுல போடுற ஒவ்வொரு தடவையும், உள்ள இருக்கிற பிளேட்டுங்க ஒரே இழுப்புல பிடிக்கணும். பாவம், எத்தனை வருஷம் தாங்கும்?"

எனக்கு முதலில் அழுகை வந்தது, அப்புறம் சிரிப்பு. கேக்கைக் காப்பாற்றப்போய் இருவரும் சேர்ந்து வண்டியைத் தின்றிருக்கிறோம்.

மார்ச் 13, வியாழன்

விபத்தில் போன வண்டியிலிருந்து கழற்றிய பழைய கியர்பெட்டி கிடைக்குமாம், சீக்கிரம் மாட்டிவிடலாம். எங்களுடையதைப் பிரித்துச் சரிசெய்வதென்றால் 22ஆம் தேதிக்குள் முடியாது. மகன் வேறு வண்டியே வாங்கச் சொல்கிறான், கடன் போட்டு. அது இல்லையென்றால் வீட்டில் உட்கார்.

கடன் போட்டு வண்டி வாங்கினால் அந்த வண்டிக்காக நான் கேக் செய்ய வேண்டும். எனக்குப் பிடித்தால் செய்கிற வேலை இது, அப்படியே இருக்கட்டும். கழற்றிய பெட்டியை யார் எப்படி ஓட்டினார்களோ. அவர்கள் வீட்டிலும் ஒரு கண்டுபிடிப்பாளர் இருந்திருந்தால்?

எங்களுடையதையே பிரிக்கச் சொல்லிவிட்டேன். இவரைக் கேட்டதற்கு, "நான் இனிமே வண்டி விஷயத்துல வாயே திறக்கல தாயே," என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

பிளேட்டுகள் மட்டும் இல்லையாம். என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் ஒரு உருளை, அதுவும் போயிருக்கிறது. "இப்பவே நிறுத்தணும்னாலும் நிறுத்திக்கலாம்மா, நான் கட்டாயப்படுத்தல," என்றார் சிடுமூஞ்சி.

நிறுத்தவா? தெரியல. எதுவுமே தெரியல. பிடிவாதத்துக்குச் செய்யறேனா நான்?

மாலை

தொடரச் சொல்லிவிட்டேன். அந்த உருளையை மட்டும் வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போடுவாராம்.

மார்ச் 22, சனி

கல்யாணக் கேக் போய்ச் சேர்ந்தது. எப்படி என்று எழுதாமல் தூக்கம் வராது.

எதிர்வீட்டு அண்ணனுக்கு அமரர் ஊர்தி ஓட்டும் வேலை. நேற்று இவர் வாசலில் நின்று புலம்பியிருக்கிறார். காலையில் அண்ணன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு தன் சொந்தக் காரில் வந்து நின்றார். "என்ன வேலைன்னு மட்டும் கல்யாண வீட்ல சொல்லிடாதீங்க," என்றார்.

அப்படி ஒரு ஓட்டம் நான் பார்த்ததில்லை. வேகத்தடையில் ஏறியது தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. எப்படிண்ணே என்றேன். "என் பின்னாடி வர்றவங்க யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்லம்மா," என்றார் முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல். இவர் சிரித்ததில் கேக் ஆடியதுதான் இன்றைய ஒரே ஆட்டம்.

ஒரு கீறல் இல்லை. கூலி தருகிறேன் என்றதற்கு அண்ணன் கோபித்துக்கொண்டார். இத்தனை வருடம் எதிர்வீடு, ஒரு கேக் துண்டுகூட அவருக்குக் கொடுத்ததில்லையே நான். நல்ல மனிதர்களுக்கு நடுவில்தான் குடியிருக்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

வண்டி வந்துவிட்டது. சிடுமூஞ்சி பக்கத்தில் உட்கார்ந்து, மேடு வரை ஓட்டச் சொன்னார். போன முறை நின்ற இடம் வந்தது. தாண்டிப் போய்விட்டது. மூன்றாவது கியர் எப்போது விழுந்தது என்று கேட்டார், தெரியவில்லை என்றேன். முதல்முறையாகச் சிரித்தார் மனிதர். உத்தரவாதம் எதுவும் தரமாட்டேன் என்றும் கூடவே சொன்னார்.

இவரிடம் அந்த நன்றியை இன்று சொல்லிவிட்டேன். எதுக்கு என்றார். ரோட்டில் நின்றதற்கு என்றேன். காதை மட்டும் தேய்த்துக்கொண்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மகன் கூப்பிட்டான். அடுத்த மாதம் லீவில் வருகிறானாம். விமானம் விடியற்காலையில் இறங்குகிறது, வீட்டிலிருந்து மூன்று மணி நேர வழி. டாக்ஸிக்குச் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்மா. நீயே வண்டிய எடுத்துட்டு வா."